டூட்டி பட்டியலில் இருக்கிறது விடை: ஆட்கள் நிலைக்காத விடுதியின் மேலாளருக்கு ஒரு பதில்

வாசகர் கேள்வி:

நான் 90 பேர் பணிபுரியும் ஒரு தங்கும் விடுதியின் பொது மேலாளர். சென்ற ஆண்டில் மட்டும் 54 பேர் எங்களிடமிருந்து விலகிவிட்டார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சேர்ந்து ஆறு மாதம்கூட நிறைவு செய்யாதவர்கள். இரண்டு முறை சம்பளத்தை உயர்த்தினோம். சிறந்த பணியாளர் விருது, பிறந்தநாள் கொண்டாட்டம், ஆண்டுக்கொரு சுற்றுலா என எல்லாம் செய்தோம். இப்போது மனநலச் செயலி ஒன்றுக்கும் சந்தா கட்டுகிறோம். ஆனாலும் ஆட்கள் நிற்பதில்லை. விலகல் படிவத்தில் பெரும்பாலோர் ‘குடும்பச் சூழ்நிலை’ என்று மட்டுமே எழுதுகிறார்கள். வேலைக்கும் வாழ்க்கைக்கும் இடையே சமநிலை என்பதெல்லாம் மாலை ஆறு மணிக்குக் கதவைப் பூட்டும் அலுவலகங்களுக்குச் சரி; இரவும் விடுமுறை நாளும்தான் எங்களுக்கு வியாபாரம். எங்கள் தொழிலில் அதை எப்படித் தர முடியும்? சேரும்போதே இரண்டாண்டு ஒப்பந்தம் எழுதி வாங்கிவிடலாம் என்று உரிமையாளர்கள் சொல்கிறார்கள். தங்கள் ஆலோசனை தேவை.

பதில்:

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

நீங்கள் செய்துபார்த்த ஏற்பாடுகள் பலவற்றை எழுதியிருக்கிறீர்கள். டூட்டி பட்டியலைப் பற்றி மட்டும் ஒரு வரியும் எழுதவில்லை. அது எத்தனை நாள் முன்னதாக வெளியிடப்படுகிறது, வெளியிட்ட பின் எத்தனை முறை திருத்தப்படுகிறது, திருத்துகிறவர் யார் என்பனவற்றைத்தான் இந்தச் சிக்கலோடு வருகிற எவரிடமும் நான் முதலில் கேட்பது வழக்கம். சேவைத் தொழிலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இரவுப் பணியும் விடுமுறை நாள் பணியும் உண்டு என்று தெரிந்தேதான் வருகிறார்கள். அவர்களால் தாங்க முடியாமல் போவது, வருகிற வாரத்தில் தமக்குரிய நேரம் எது என்று முன்கூட்டித் தெரியாமல் இருப்பதும், தெரிந்த பிறகும் அது எந்த நேரத்திலும் பறிபோகலாம் என்பதும்தான். ஆகவே உங்கள் தொழிலில் சமநிலை என்பது நேரத்தைக் குறைத்துக் கொடுப்பதில் இல்லை, நேரத்துக்கு உறுதி கொடுப்பதில் இருக்கிறது என்பதே என் கருத்து. விருந்தினர் நள்ளிரவில் வந்தாலும் அந்த உறுதியைக் கொடுக்க முடியும்.

முதலில் ‘குடும்பச் சூழ்நிலை’ என்னும் அந்தப் பதிலை எடுத்துக்கொள்வோம். அது பொய் அன்று. ஆனால் பாதி உண்மை. வேலையை விடுகிறவர் எல்லாரும் சம்பளத்தையும் வசதியையும் நிதானமாகக் கூட்டிக் கழித்துப் பார்த்து முடிவெடுப்பதில்லை என்றும், பலருக்கு ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சி அதிர்ச்சியாக அமைந்து, ‘இங்கே நான் தொடர வேண்டுமா’ என்ற கேள்வியை எழுப்பிவிடுகிறது என்றும் தாமஸ் லீ, டெரன்ஸ் மிட்செல் என்னும் இரு ஆய்வாளர்கள் 1994-இல் விளக்கினார்கள். தங்கையின் திருமணத்துக்கு ஒரு மாதம் முன்பே சொல்லி வைத்திருந்த விடுப்பு முந்தின நாள் இரவில் ரத்தாகிறது. காய்ச்சலில் கிடக்கும் குழந்தையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லக் கிளம்புகிற நேரத்தில் ‘ஒருத்தர் வரவில்லை, உடனே வா’ என்று அழைப்பு வருகிறது. அன்றைக்கு அவர் வந்து வேலையைப் பார்த்துவிட்டுத்தான் போவார். விலகல் கடிதம் இரண்டு மாதம் கழித்து, வேறு இடம் கிடைத்த பிறகு வரும். அதற்குள் அந்த நாள் உங்கள் நினைவில் இருக்காது. அவர் படிவத்தில் எழுதுவதும் குடும்பம் என்பதாகவே இருக்கும், ஏனென்றால் மேற்பார்வையாளரின் பெயரை எழுதி வைத்துவிட்டுப் போக எவரும் விரும்புவதில்லை. கடைசி நாளில் நடத்தும் நேர்காணலிலிருந்து பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள். அப்படியே நடத்தினாலும், ‘ஏன் போகிறீர்கள்’ என்பதைவிட ‘போகலாம் என்று முதன்முதலில் எப்போது தோன்றியது, அன்று என்ன நடந்தது’ என்று கேட்டால் பயன் உண்டு. அதைவிடவும் நல்லது, இப்போது பணியில் இருப்பவர்களிடம், குறிப்பாகச் சேர்ந்து ஒரு மாதமும் மூன்று மாதமும் ஆனவர்களிடம், அவர்களுடைய நேரடி மேற்பார்வையாளர் அல்லாத ஒருவர் உட்கார்ந்து பேசுவது.

அடுத்தது கணக்கு. 90 பேரில் 54 பேர் விலகினால் விலகல் விகிதம் 60 சதவீதம். இந்த ஒற்றை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள். 54 வெவ்வேறு இடங்களில் ஆண்டுக்கு ஒருமுறை ஆள் மாறியிருந்தாலும் இதே எண்தான் வரும். 70 பேர் அசையாமல் இருக்க, எஞ்சிய 20 இடங்களில் ஆட்கள் திரும்பத் திரும்ப மாறியிருந்தாலும் இதே எண்தான் வரும். முதலாவது ஊதியத்தையோ உங்கள் விடுதியின் பெயரையோ பற்றிய சிக்கலாக இருக்கலாம். இரண்டாவது சில ஷிஃப்டுகளையும் சில மேற்பார்வையாளர்களையும் பற்றியது. ஆறு மாதத்துக்குள் பாதிப் பேர் போகிறார்கள் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டாவதாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று எனக்குப் படுகிறது. ஆகவே அந்த 54 பேரையும் துறைவாரியாக, எத்தனை மாதம் இருந்தார் என்ற கணக்குப்படி, எந்த மேற்பார்வையாளரின் கீழ் இருந்தார் என்பதன்படி பிரித்து ஒரு தாளில் எழுதுங்கள். ஓர் உதவியாளர் ஒரே பிற்பகலில் முடித்துவிடக்கூடிய வேலை இது. ஆனால் பல நிறுவனங்களில் ஒருமுறைகூடச் செய்யப்படாதது.

அதன் பிறகு கடந்த எட்டு வாரங்களின் டூட்டி பட்டியல்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வெளியிட்ட பட்டியலையும் உண்மையில் வேலை நடந்த வருகைப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கட்டம் கட்டமாக ஒப்பிடுங்கள். எத்தனை கட்டங்கள் மாறியிருக்கின்றன, அவற்றில் எத்தனை மாற்றங்கள் கடைசி 24 மணி நேரத்துக்குள் செய்யப்பட்டன, எத்தனை வார விடுப்புகள் ரத்தாகி ‘பிறகு எடுத்துக்கொள்ளலாம்’ என்று சொல்லப்பட்டு எடுக்கப்படாமலே போயின என்று எண்ணுங்கள். மாலை ஷிஃப்டு முடித்து இரவு 11 மணிக்குப் போனவர் மறுநாள் காலை 7 மணிக்கு மீண்டும் போடப்பட்ட இடங்களைச் சிவப்பு மையால் குறியுங்கள். இடையில் இருப்பது எட்டு மணி நேரம். போக வர ஒவ்வொரு மணி நேரம், சாப்பாடு, குளியல் போக அவருக்குத் தூங்கக் கிடைப்பது ஐந்து மணி நேரம் இருந்தால் அதிகம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ஆம் ஆண்டு வேலைநேர நெறிமுறை ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் இடையே தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. உங்கள் நாட்டில் சட்டம் எதுவாக இருந்தாலும், அந்த 11 மணி நேரத்தை நீங்களாகவே ஒரு விதியாக வைத்துக்கொள்ளலாம்.

வார விடுப்பிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது; அனுபவமுள்ள மேலாளர்கள்கூட இதைக் கவனிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒருவருக்கு விடுப்பு என்று பட்டியல் சொல்கிறது. அவர் சனிக்கிழமை காலை ஷிஃப்டில் இருந்து பிற்பகல் 3 மணிக்கு வீடு சென்று, திங்கள் பிற்பகல் 3 மணிக்குத் திரும்பினால் அவருக்குக் கிடைப்பது 48 மணி நேரம். சனிக்கிழமை மாலை ஷிஃப்டில் இருந்து இரவு 11 மணிக்குச் சென்று, திங்கள் காலை 7 மணிக்கு வந்தால் 32 மணி நேரம். சனி இரவு ஷிஃப்டு முடித்து ஞாயிறு காலை 7 மணிக்கு இறங்கி, திங்கள் காலை 7 மணிக்கு ஏறினால் 24 மணி நேரம். அதிலும் பகல் முழுவதும் தூக்கத்தில் போய்விடும். பட்டியலில் மூன்றுமே ‘ஒரு நாள் விடுப்பு’ என்றுதான் இருக்கிறது. நான் மேலே சொன்ன ஐரோப்பிய நெறிமுறைப்படி பார்த்தால் வாராந்திர ஓய்வு 24 மணி நேரமும் அதனுடன் அன்றாட ஓய்வான 11 மணி நேரமும் சேர்ந்து, பொதுவாக 35 மணி நேரம் இருக்க வேண்டும். நம் மூன்று உதாரணங்களில் இரண்டு அதில் தேறவில்லை. விடுப்பு நாளுக்கு முன்னால் காலை ஷிஃப்டையும் பின்னால் மாலை அல்லது இரவு ஷிஃப்டையும் வைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. ஷிஃப்டுகளைச் சுழற்றும்போது காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுழற்றினால் இது தானாகவே பெரும்பாலும் அமைந்துவிடும். மனித உடலின் உள்கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடுவதால், தூங்கும் நேரத்தைத் தள்ளிப்போடுவது முன்னுக்கு இழுப்பதைவிட எளிது என்பதும் அந்த வரிசைக்கு ஆதரவான காரணம்.

இவ்வளவையும் படித்த பின், ‘ஆள் இருந்தால்தானே இதையெல்லாம் செய்யலாம்’ என்று நீங்கள் நினைப்பீர்கள். நியாயமான மறுப்பு, ஆனால் ஆள் பற்றாக்குறையின் ஒரு பகுதி உங்கள் சொந்தக் கணக்கிலேயே பிறக்கிறது. வரவேற்பு மேசையில் 24 மணி நேரமும் ஒருவர் இருக்க வேண்டும் என்று கொள்வோம். மூன்று ஷிஃப்டு, ஆகவே மூன்று பேர், விடுப்புக்கு மாற்றாக ஒருவரை எங்கிருந்தாவது இழுத்துக்கொள்ளலாம் என்றுதான் பெரும்பாலான விடுதிகள் கணக்கிடுகின்றன. ஆண்டுக்கு அந்த ஓர் இருக்கையில் நிரப்ப வேண்டியவை 1,095 ஷிஃப்டுகள். ஒருவர் வாரம் ஒரு நாள் விடுப்புடன் ஆண்டில் 313 நாள் வரக்கூடியவர். அதில் ஆண்டு விடுப்பு, நோய், பண்டிகை, பயிற்சி எல்லாம் சேர்த்து 30 நாள் கழித்தால் 283. ஆக 1,095-ஐ 283-ஆல் வகுத்தால் 3.87 பேர் வேண்டும். மூவரை வைத்துக்கொண்டு நான்கு பேரின் வேலையை ஓட்டுகிற இடத்தில் கடைசி நேர மாற்றம் விபத்தன்று. அது திட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஒருவர் விலகியதும் மீதி இருவர் டபுள் டூட்டி பார்க்கிறார்கள், அந்தக் களைப்பில் இன்னொருவர் விலகுகிறார், புதிதாக வந்தவரைப் பழக்க யாருக்கும் நேரமில்லாததால் அவரும் இரண்டாம் மாதத்தில் போகிறார். கிழிந்த சாக்கில் மேலும் மேலும் நெல் கொட்டுவது போன்ற ஆள்சேர்ப்பு அது. எந்தெந்த இருக்கைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தவில்லை என்று பாருங்கள்; எல்லா இடத்திலும் ஆள் கூட்டச் சொல்லவில்லை, மூன்று நான்கு இடங்களில் கூட்டினாலே பட்டியல் மூச்சுவிடத் தொடங்கும்.

உரிமையாளர்கள் செலவைப் பற்றிக் கேட்பார்கள். அவர்களுக்குக் காட்ட, வெளியூர்ப் புள்ளிவிவரங்களைத் தேடிப் போகாமல், உங்கள் கணக்குப் புத்தகத்தையே பயன்படுத்துங்கள். ஒருவர் விலகும்போது விளம்பரம், நேர்காணல் நேரம், சீருடை, பயிற்சி, இடைக்கால ஓவர்டைம் ஆகியவை வெளிப்படையான செலவுகள். அவற்றைவிடப் பெரிது, புதியவர் முழுத்திறனுக்கு வரும்வரை உள்ள வாரங்களில் நிகழும் இழப்பு: தாமதமான செக்-இன், மீண்டும் சுத்தம் செய்ய வேண்டிய அறை, தவறான பில், அவரைப் பார்த்துக்கொண்டிருப்பதால் தன் வேலையை விட்டுவிடும் மூத்தவர். கார்னெல் பல்கலைக்கழகத்தின் திமோத்தி ஹிங்கின், புரூஸ் டிரேசி இருவரும் 2000-ஆம் ஆண்டில் விடுதிகளின் பணியாளர் மாற்றச் செலவைக் கணக்கிட்டபோது அழுத்தமாகச் சொன்னதும், மறைந்திருக்கும் இந்தக் கற்றுக்கொள்ளும் காலத்தின் செலவைத்தான். 54 விலகல்களின் மொத்தத் தொகையையும், கூடுதலாக வைக்க வேண்டிய மூன்று நான்கு பேரின் ஆண்டுச் சம்பளத்தையும் ஒரே தாளில் அருகருகே எழுதிக் காட்டுங்கள்.

பட்டியலை நிலைப்படுத்துவது வியாபாரத்தைக் கெடுக்கும் என்ற அச்சத்துக்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது. ஜோன் வில்லியம்ஸ், சூசன் லாம்பர்ட், சரவணன் கேசவன் ஆகியோர் கேப் என்னும் அமெரிக்க ஆடை நிறுவனத்தின் சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ பகுதிகளில் உள்ள 28 கடைகளில் 2015-16-இல் ஒரு சோதனை நடத்தி, 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எல்லாக் கடைகளிலும் இரண்டு வாரம் முன்னதாகப் பட்டியல் வெளியிடப்பட்டது. ‘கூப்பிட்டால் வா’ என்ற வகை ஷிஃப்டுகள் கைவிடப்பட்டன. சோதனைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கடைகளில் கூடுதலாக, ஷிஃப்டுகளின் தொடக்க முடிவு நேரங்கள் நாள்தோறும் ஒன்றாக வைக்கப்பட்டன, பணியாளர்கள் தங்களுக்குள் ஷிஃப்டு மாற்றிக்கொள்ள அனுமதிக்கப்பட்டது, ஒரு பகுதியினருக்கு வாரத்துக்குக் குறைந்தபட்ச மணி நேரம் உறுதி செய்யப்பட்டது. அந்தக் கடைகளில் விற்பனையின் இடைநிலை அளவு (median) 7 சதவீதமும், ஒரு மணி நேர உழைப்புக்கான விற்பனை 5 சதவீதமும் உயர்ந்தன. ஆடைக் கடை வேறு, விடுதி வேறு. அந்த எண்களை அப்படியே உங்கள் விடுதிக்கு எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அந்த ஆய்வின் இன்னொரு கண்டுபிடிப்பு உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். பட்டியல் குலைவதற்கு வாடிக்கையாளர் கூட்டத்தின் ஏற்ற இறக்கம் மட்டும் காரணமாக இருக்கவில்லை; சரக்கு வரும் நாளைத் தவறாகச் சொல்வது, விற்பனைத் திட்டத்தைக் கடைசி நேரத்தில் மாற்றுவது, மேலதிகாரிகள் திடீரென வருகை தருவது என்று தலைமையகமே கிளப்பிய குழப்பங்கள் ஏராளம். உங்கள் விடுதியில் ஒரு பெரிய குழு முன்பதிவு செய்திருப்பது விற்பனைப் பிரிவுக்கு எப்போது தெரிகிறது, ஹவுஸ்கீப்பிங் பிரிவுக்கு எப்போது தெரிகிறது என்று விசாரியுங்கள். இடையில் பத்து நாள் இருந்தால் நான் வியப்படைய மாட்டேன்.

நடைமுறையில் நான் பரிந்துரைப்பது இது. விடுதி மிகக் குறைவாக நிரம்பியிருக்கும் வாரத்திலும் எத்தனை பேர் கட்டாயம் வேண்டுமோ, அந்த அளவை அடித்தளமாகக் கொண்டு, அவர்களுக்கு மாதக்கணக்கில் மாறாத பணிமுறையைக் கொடுங்கள். அதற்கு மேல் ஏறி இறங்கும் தேவையை மட்டும் தனியாகக் கையாளுங்கள்: கூடுதல் நேரம் வேண்டும் என்று விரும்பி முன்வருபவர்களின் பட்டியல், பகுதிநேரப் பணியாளர்கள், நல்ல முறையில் விலகிச் சென்ற பழைய பணியாளர்கள் ஆகியோர் அதற்கு உதவுவார்கள். பட்டியலை 14 நாள் முன்னதாக வெளியிடுங்கள். வெளியிட்ட பின் நிர்வாகம் மாற்றினால் அதற்கென ஒரு கூடுதல் தொகை கொடுங்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2017-இல் இயற்றிய சட்டம் பெரிய சில்லறை வணிக, விடுதி, உணவக நிறுவனங்களுக்கு இத்தகைய இழப்பீட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தொகை சிறியதாக இருக்கலாம். மாற்றத்துக்கு ஒரு விலை உண்டு என்று ஆனதுமே மேற்பார்வையாளர்கள் தொலைபேசியை எடுப்பதற்கு முன் ஒரு கணம் யோசிக்கத் தொடங்குவார்கள்.

முன்கூட்டிப் பட்டியல் வெளியிடுவது ஏதோ புதுமையான சலுகை என்று உரிமையாளர்கள் கருதினால், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் என்றே 1991-இல் நிறைவேற்றிய 172-ஆம் உடன்பாட்டை அவர்களுக்குச் சொல்லுங்கள். பணியாளர்கள் தங்கள் சொந்த வாழ்க்கையையும் குடும்ப வாழ்க்கையையும் அதற்கேற்ப அமைத்துக்கொள்ளும் வகையில், இயன்றவரை போதிய கால அவகாசத்துடன் வேலை அட்டவணையைத் தெரிவிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அதை ஏற்புறுதி செய்த நாடுகள் குறைவுதான். ஆனால் இந்தத் தொழிலின் நோய் எது என்று அப்போதே கண்டுகொண்டிருக்கிறார்கள்.

ஷிஃப்டு மாற்றிக்கொள்ளும் உரிமையைத் தாராளமாகக் கொடுங்கள். ஒரே திறன் உள்ள இருவர் தங்களுக்குள் ஒத்துக்கொண்டால், ஓய்வு நேர விதி மீறப்படாதவரை, மேற்பார்வையாளருக்குத் தகவல் சொன்னால் போதும்; மறுக்க வேண்டுமானால் அவர்தான் காரணத்தை எழுத வேண்டும். ஒவ்வொருவருக்கும் மாதத்துக்கு இரண்டு நாள், காரணம் சொல்லாமல் கேட்டுப் பெறும் உரிமை இருக்கட்டும். காரணம் கேட்காமல் என்பதை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். சிறு குழந்தை உள்ளவர்களுக்கு மட்டும் சலுகை என்று தொடங்கினால், திருமணமாகாதவர்கள் தலையில் எல்லா இரவுப் பணியும் விழும். சில மாதங்களில் அவர்கள் கிளம்பிவிடுவார்கள். மாலைக் கல்லூரிக்குப் போகிறவருக்கும், வயதான தந்தையைப் பார்த்துக்கொள்கிறவருக்கும், ஒன்றும் செய்யாமல் ஒரு நாள் சும்மா இருக்க நினைக்கிறவருக்கும் அந்த இரண்டு நாள் ஒன்றுதான். பெரிய பண்டிகை நாட்களுக்கு ஆண்டின் தொடக்கத்திலேயே அனைவர் முன்னிலையிலும் சீட்டுக் குலுக்கி, ஒரு பண்டிகைக்கு விடுப்புப் பெற்றவர் அடுத்ததற்கு வேலைக்கு வருவார் என்று முறைப்படுத்திவிட்டால், ஆண்டுதோறும் எழும் அந்த மனக்கசப்பு பெரிதும் குறையும்.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. விடுப்பில் இருப்பவர் குழுச் செய்திக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, சொல்லாததற்காக எவரும் முகம் சுளிக்கக் கூடாது என்று எழுத்தில் அறிவியுங்கள். பிரான்சில் 2017 ஜனவரி 1 முதல், 50 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் இந்தத் தொடர்பறு உரிமையைப் பற்றித் தொழிலாளர் தரப்புடன் பேசியாக வேண்டும் என்ற சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அவசரத்துக்கு ஆள் தேவைப்பட்டால் குழுவில் பொதுவாகக் கத்தாமல், முன்வந்தவர்கள் பட்டியலில் உள்ளவரை வரிசைப்படி அழையுங்கள்.

நேரம் ஒரு பாதிதான். வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையே எழும் மோதலை 1985-இல் ஆராய்ந்த ஜெஃப்ரி கிரீன்ஹாஸ், நிக்கோலஸ் பியூட்டல் இருவரும் அதற்கு மூன்று வழிகள் உண்டு என்றார்கள்: நேரம் போதாமை, ஓரிடத்தின் களைப்பும் இறுக்கமும் மற்ற இடத்துக்குப் பரவுவது, ஓரிடத்தில் நடந்துகொள்ள வேண்டிய முறை மற்ற இடத்துக்கு ஒத்துவராமல் போவது. வரவேற்பு மேசையிலும் உணவகத்திலும் நிற்பவருக்கு இரண்டாவதும் மூன்றாவதும் மிகக் கடுமை. முகத்தில் புன்னகையை வைத்துக்கொள்வதே சம்பளம் தரப்படும் உழைப்பாக இருப்பதை, விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து ஆர்லி ஹோக்‌ஷில்ட் என்னும் சமூகவியலாளர் 1983-இல் எழுதினார். எட்டு மணி நேரம் பிறர் கோபத்தை விழுங்கிச் சிரித்தவர் வீட்டுக்குப் போய்ப் பேசாமல் உட்கார்ந்துவிடுவார், அல்லது வீட்டில் உள்ளவர்கள் மீது எரிந்து விழுவார். இதற்கு மனநலச் செயலி மருந்தாகாது. விருந்தினர் தகாத வார்த்தை பேசினால் அந்த இடத்திலிருந்து விலகி மேற்பார்வையாளரை அழைக்கும் அதிகாரம் கடைநிலைப் பணியாளருக்கும் இருக்க வேண்டும்; வந்த மேற்பார்வையாளர் விருந்தினர் முன்னால் அவரைத் திட்டக் கூடாது; கடுமையான ஒரு சந்திப்புக்குப் பின் பத்து நிமிடம் பின்னறையில் உட்கார அனுமதி வேண்டும். அறைக் கட்டணத்தில் சிறிதளவு தள்ளுபடி செய்யவோ, ஒரு தவறைச் சரிசெய்யவோ மேசையில் இருப்பவருக்கே அதிகாரம் கொடுத்துவிட்டால், அவர் வாங்கும் திட்டில் பாதி குறைந்துவிடும். விருந்தினர் கத்துவது பெரும்பாலும் ‘மேனேஜரைக் கேட்க வேண்டும்’ என்ற பதிலைக் கேட்டபின்தான்.

மேற்பார்வையாளர்களிடம் வருகிறேன். பட்டியலை எழுதுவதும், விடுப்பை ஒப்புவதும், கடைசி நேரத்தில் அழைப்பதும் அவர்கள்தான் என்பதால், உங்கள் கொள்கை எதுவாக இருந்தாலும் பணியாளருக்கு நிறுவனம் என்பது அந்த ஒருவரே. குடும்ப வாழ்க்கைக்கு ஆதரவான மேற்பார்வையாளர் என்னென்ன செய்கிறார் என்பதை லெஸ்லி ஹாமர், எலன் கோசெக் முதலானோர் 2009-இல் நான்காக வகுத்தார்கள்: பிறர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது, பட்டியல் போன்ற நடைமுறைச் சிக்கல்களில் உதவுவது, தாமே முன்மாதிரியாக நடந்துகாட்டுவது, வேலையை மாற்றி அமைத்து இரு தரப்புக்கும் பயன்படும் வழியைக் கண்டுபிடிப்பது. இவை கற்றுக்கொடுக்கக்கூடியவை. ஆனால் பயிற்சி கொடுத்துவிட்டு, அவர்களுடைய ஊக்கத்தொகையை ஆட்செலவைக் குறைத்ததற்கு மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால், அவர்கள் எதைச் செய்வார்கள் என்பது தெரிந்ததே. கடைசி நேர மாற்றங்கள் எத்தனை, 11 மணி நேர விதி எத்தனை முறை மீறப்பட்டது, தங்கள் கீழ் சேர்ந்தவர்களில் 90 நாளைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்பதையும் அவர்களுடைய மதிப்பீட்டில் சேருங்கள். கூடவே, அவர்களுடைய சொந்த வார விடுப்பையும் கவனியுங்கள். பல விடுதிகளில் மிக மோசமான பட்டியலில் உழல்கிறவர், பட்டியலைத் தயாரிக்கிற அந்த மேற்பார்வையாளர்தான்.

ஒரு தடையை எதிர்பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் டபுள் டூட்டியைக் குறைக்கத் தொடங்கியதும் முதலில் எதிர்ப்பவர்கள் பணியாளர்களாகவே இருக்கலாம். ஓவர்டைம் பணத்தை நம்பி வாடகையும் கடன் தவணையும் கட்டுகிறவர்கள் அவர்களில் உண்டு. ஓய்வைக் கொடுத்து வருமானத்தைப் பறித்தால் அது அவர்களுக்குத் தண்டனை. இங்கேதான் ஊதியத்தைப் பற்றிப் பேச வேண்டும். பக்கத்து விடுதிகளைவிட உங்கள் அடிப்படைச் சம்பளம் குறைவாக இருந்தால், இந்தக் கடிதத்தில் உள்ள எந்த ஏற்பாடும் ஆட்களை நிறுத்தாது. குறையவில்லை என்றால், மிச்சமாகும் ஓவர்டைம் தொகையின் ஒரு பகுதியை அடிப்படைச் சம்பளத்திலோ நிலையான ஷிஃப்டுப் படியிலோ சேர்த்துக் கொடுத்து, மாற்றத்தைச் சில மாதங்களில் படிப்படியாகச் செய்யுங்கள். நீண்ட வேலைநேரத்தின் தீங்கைப் பற்றி அவர்களிடமும் பேசலாம். வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட, 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதயக் குருதிக்குறைவு நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கூட்டாக வெளியிட்ட மதிப்பீடு சொல்கிறது. ஆனால் தவணை கட்ட வேண்டியவரிடம் இதயத்தைப் பற்றி மட்டும் பேசிப் பயனில்லை.

எல்லாத் துறைகளிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். இருக்கைகள் குறைவாகவும் எண்ணக்கூடியனவாகவும் உள்ள வரவேற்புப் பிரிவில் மூன்று மாதம் நடத்திப் பாருங்கள். சமையலறையைக் கடைசிக்கு வையுங்கள். பகலில் நான்கு மணி நேரம், இடைவெளி, மீண்டும் இரவில் நான்கு மணி நேரம் என்ற பிளவு ஷிஃப்டுகளை அங்கே மாற்றுவது தனிச் சிக்கல், அதற்குத் தலைமைச் சமையலரின் முழு ஒத்துழைப்பு வேண்டும். விலகல் விகிதம் சுழியத்துக்கு வந்துவிடும் என்று உரிமையாளர்களிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். படிப்பு முடியும்வரை மட்டும் இருக்க வந்தவர்களும், பெரிய விடுதிக்கு உயர்ந்து செல்பவர்களும் எப்போதும் இருப்பார்கள். முதல் 90 நாளில் விலகுவோர் எண்ணிக்கை இறங்குகிறதா என்பதை மட்டும் முதல் ஆறு மாதத்தில் பாருங்கள். மொத்த விகிதம் அசைய ஓராண்டு ஆகும்.

இரண்டாண்டு ஒப்பந்தம் வேண்டாம். அது எந்த அளவுக்குச் செல்லும் என்பது நாட்டுக்கு நாடு மாறுபடும், வழக்கறிஞரைக் கேளுங்கள். ஆனால் சட்டப்படி செல்லுபடியானாலும், போக வழியில்லாமல் நிற்கிற ஒருவரைத்தான் நீங்கள் விருந்தினர் முன்னால் நிறுத்துகிறீர்கள். நல்ல ஆட்கள் அத்தகைய பத்திரத்தைப் பார்த்ததுமே வேறு விடுதிக்குப் போய்விடுவார்கள். விலையுயர்ந்த வெளிப்பயிற்சிக்கு அனுப்புகிறீர்கள் என்றால், அந்தப் பயிற்சிச் செலவுக்கு மட்டும், மாதந்தோறும் குறைந்துகொண்டே வருகிற ஓர் ஏற்பாட்டைப் பணியாளரின் சம்மதத்துடன் செய்யலாம். ஒப்பந்தம் தேவை என்று உரிமையாளர்கள் வற்புறுத்தினால், நிர்வாகத்தின் கையொப்பத்துடன் ஒன்று எழுதிக் கொடுங்கள்: பட்டியல் 14 நாள் முன்னதாக வரும், இரு ஷிஃப்டுகளுக்கு இடையே 11 மணி நேரம் இருக்கும், ஒப்புதல் தந்த விடுப்பைப் பொது மேலாளரான நீங்கள் ஒருவரைத் தவிர வேறு எவரும் ரத்து செய்ய முடியாது. சுற்றுலாவைத் தொடருங்கள், அதை விரும்புகிறவர்கள் இருப்பார்கள். மனநலச் செயலியின் சந்தாவை மட்டும், அடுத்த புதுப்பிப்பு வரும்போது, வரவேற்பு மேசையின் நான்காவது ஆளின் சம்பளக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.